மிச்சம் மூன்றும் உனக்கு

கோப்பாய் தெற்கு,
ஆவணி மாதம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன, உங்கள் ரிப்பீற்றருக்கான ஆறு கவிற்றி வடிகட்டிகளில் மூன்றை ரியூன் பண்ணி முடித்துவிட்டேன். ட்ரான்ஸ்மிற்றர் பக்கத்து மூன்று. றிசீவர் பக்கத்து மூன்றையும் துடைத்து, மூடியைப் பூட்டி, அப்படியே வைத்திருக்கிறேன். அவற்றை நீதான் செய்ய வேண்டும். "பிள்ளை படிப்போடை கஷ்டப்படுகுது, நீங்களே முடிச்சுக் குடுத்தால் என்ன?" என்று சித்தி கேட்கிறா. முடித்துக் கொடுக்கலாம். ஆனால் மாரி மழையில் ரிப்பீற்றர் செவிடாகிப் போனால், கம்பத்தடியில் நனைந்துகொண்டு அதைத் திறந்து பார்க்கப் போகிறவள் நீ. அந்தத் தண்டை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு நகரும் என்பது அப்போது உன் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை எழுதித் தர ஏலாது. மற்றதெல்லாம் எழுதித் தருகிறேன். போனில் சொன்னால் எண்கள் தவறிப்போகும். இந்தக் கடிதத்தை மடித்துக் கவிற்றிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடு.

முதலில் கணக்கு. நீங்கள் போடப்போகிற ட்ரான்ஸ்மிற்றர் 25 வாட். எங்கோ ஒரு மூலையிலிருந்து கைரேடியோவில் ஒருவர் பேசினால், அந்தக் குரல் றிசீவரின் வாசலுக்கு வரும்போது 0.2 மைக்ரோவோல்ட்டாகத் தேய்ந்திருக்கும். 50 ஓமில் அதை வலுவாக மாற்றிப் பார். இரண்டுக்கும் நடுவில் 165 டெசிபெல். எங்கள் சொந்தச் சத்தம் அந்தக் குரலைவிட முந்நூறு கோடி கோடி மடங்கு பெரிது என்று அர்த்தம். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அன்ரனாவில், 600 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நடக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுகொண்டு, பக்கத்தில் நிற்கிறவர் காதோடு சொல்லும் இரகசியத்தைக் கேட்கிற வேலை இது.

தீங்கு இரண்டு வழியால் வரும். இதைப் பிரித்து விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும். உங்கள் மீடிறன் சோடியில் பேசுவது 145.625, கேட்பது 145.025 என்று எழுதித் தந்தாய். ட்ரான்ஸ்மிற்றர் 145.625இல் மட்டும் பேசுவதில்லை. அதன் அடியில் மெல்லிய இரைச்சல் ஒன்று இரண்டு பக்கமும் பரந்து கிடக்கும். அதில் ஒரு துளி 145.025இலும் விழும். அங்கே விழுந்தபிறகு றிசீவர் பக்கத்தில் எந்த வடிகட்டி போட்டும் அதை எடுக்க முடியாது, ஏனென்றால் குரல் வருகிற மீடிறனும் அதுவேதான். ஆகவே அதை ட்ரான்ஸ்மிற்றர் பக்கத்திலேயே மறிக்க வேண்டும். மற்றத் தீங்கு நேர்எதிர். 145.625இன் முழுவலு றிசீவருக்குள் புகுந்து அதன் முதற் படியைத் திணறடிக்கும். அதை றிசீவர் பக்கத்தில்தான் மறிக்கலாம். இதனால்தான் நான் முடித்த மூன்றும் 145.625ஐக் கடக்க விட்டு 145.025ஐ வெட்டுகின்றன; உன்னுடைய மூன்றும் 145.025ஐ விட்டு 145.625ஐ வெட்ட வேண்டும். அனேகம் பேர் விடுகிற மீடிறனையே பார்த்துக்கொண்டு தண்டைத் திருப்புவார்கள். விடுவது எப்படியும் சுமாராக நடந்துவிடும். வெட்டுவதில்தான் இந்தச் சாமானின் பெறுமதி முழுக்க இருக்கிறது.

இனிக் கவிற்றியைப் பற்றி. 145 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 2 மீற்றரும் சொச்சமும். அதில் கால்பங்கு 52 சென்ரிமீற்றர் அளவு. உள்ளே தொங்குகிற தண்டு ஏன் அந்த நீளத்துக்குக் கிட்ட இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது அதன் மேற்பரப்பு. இந்த மீடிறனில் மின்னோட்டம் செப்பின் தோலில் 5 அல்லது 6 மைக்ரோன் ஆழத்தில்தான் ஓடும். உள்ளே கறுத்திருப்பதைக் கண்டு உன் கூட்டாளிப் பெடியன் அரத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டானாம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடு. செப்பின் மேல் இருக்கிற வெள்ளிப் பூச்சின் தடிப்பே சில மைக்ரோன்தான். தேய்க்கிற தேய்ப்பில் நல்ல வெள்ளி போய்க் கீறல் மிஞ்சும். வெள்ளியில் பிடிக்கிற கறுப்புப் படலம் பெரிதாகக் கெடுதி செய்யாது. நான் கவனித்துச் சுத்தம் பண்ணியது தண்டு வழுக்கி ஏறி இறங்குகிற இடத்தில் விரல்விரலாக நிற்கிற தகடுகளை மட்டும்தான். மருந்துக்கடை ஸ்பிரிற்றும் பழைய பருத்திச் சேலைத் துண்டும் போதும். அந்த விரல்களில் ஒன்று சரியாக முட்டாவிட்டாலும் ரிப்பீற்றர் கறகறக்கும். நீ பிழையை உலகம் முழுக்கத் தேடுவாய்.

திருப்புகிற தண்டு இன்வார். இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்ந்த கலவை. சூட்டுக்கு அனேகமாக நீளாது. இதைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் எட்வார்ட் கியோமுக்கு 1920இல் பௌதிகவியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஏன் அவ்வளவு பெரிய மரியாதை என்பது கோப்பாயில் தகரக் கூரையின் கீழே ஒரு மத்தியானம் இருந்தால் விளங்கும். விடியப்புறத்துக்கும் மத்தியானத்துக்கும் பெட்டிக்குள்ளே 15 பாகை வித்தியாசம் என்று வை. தண்டு முழுக்கச் செப்பாக இருந்தால் பரிவு மீடிறன் 37 கிலோஹேர்ட்ஸ் நகர்ந்துவிடும். இன்வாரில் 3 கிலோஹேர்ட்ஸுக்குள் நிற்கும். வெட்டுகிற பள்ளத்தின் அடி மிக ஒடுக்கமானது. 37 நகர்ந்தால் பள்ளத்தை விட்டே வெளியில் வந்துவிடுவோம். வெளியிலிருந்து வருகிற சூடு மட்டுமில்லை. மூன்று கவிற்றிகளையும் தாண்டும்போது 1.5 டெசிபெல் இழந்தால், 25 வாட்டில் 18 வாட்டுக்குக் கிட்டத்தான் வெளியே போகும். மிச்ச 7 வாட்டும் அந்த உருளைகளையே சுட வைக்கும். அதனால் வெயில் ஏறமுன், சாமான்கள் வீட்டுச் சூட்டோடு ஒத்துப்போன பிறகு வேலையைத் தொடங்கு.

கவிற்றி எதை விடுகிறது, எதை வெட்டுகிறது என்று அளக்க உன்னுடைய நனோ வி.என்.ஏ. நல்ல கருவி. டோகாவில் நான் வேலை செய்த காலத்தில் இதே அளவீட்டுக்கு இரண்டு பேர் தூக்குகிற பெட்டி ஒன்று இருந்தது; அதைத் தொடுவதற்குப் பெரியவரிடம் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். இன்றைக்கு அது உன் சட்டைப் பைக்குள் அடங்குகிறது என்பதை நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதன் எல்லையைத் தெரிந்து வைத்திரு. 70 டெசிபெல் அளவில் அதற்குத் தரை தட்டிவிடும். மூன்று கவிற்றியையும் கோத்துவிட்டு அளந்தால் உண்மையான பள்ளம் 90 இருந்தாலும் திரையில் வெறும் புல்லுத்தரைதான் தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் அளக்க வேண்டும். அளக்கமுன் கேபிளின் நுனியில் திறந்தது, குறுக்கியது, 50 ஓம், நேர் இணைப்பு என்று நாலையும் போட்டுக் கலிபிறேற் பண்ணு. கேபிளை மாற்றினால் திரும்பவும் பண்ணு.

நடுமீடிறன் 145.325, அகலம் 3 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொள். தண்டைத் திருப்பினால் விடுகிற மேடும் வெட்டுகிற பள்ளமும் சேர்ந்தே நகரும். பக்கத்தில் இருக்கிற சின்னக் கப்பாசிற்றரைத் திருப்பினால் பள்ளம் மட்டும் நகரும். ஆகவே முதலில் தண்டு, பிறகு கப்பாசிற்றர். உனக்கு மேடு 145.025இல் வர வேண்டும். மேட்டின் உச்சியைக் கண்ணால் பிடிக்கப் பார்க்காதே. அது தட்டையாக இருக்கும், எங்கே உச்சி என்று சத்தியம் பண்ண முடியாது. திரும்பி வருகிற அலையின் கோட்டைப் பார். பரிவு சரியாக விழுந்த இடத்தில் அது கூர்மையாகக் கீழே இறங்கும். 20 டெசிபெலுக்குக் கீழே போனால், நூற்றில் ஒரு பங்குகூடத் திரும்பி வரவில்லை என்று அர்த்தம், அது போதும். பிறகு கப்பாசிற்றரால் பள்ளத்தை 145.625இல் வைத்துவிட்டு, மேடு அசைந்ததா என்று பார். சற்று அசைந்திருக்கும். திருத்து. திரும்பவும் பள்ளத்தைப் பார். இரண்டும் ஒன்றையொன்று குழப்பாத நிலை வரும்வரை பொறுமை வேண்டும். என்னுடைய மூன்றிலும் விடுகிற இழப்பு அரை டெசிபெலுக்குள், பள்ளம் 30ஐ ஒட்டி நிற்கிறது. உன்னுடையதும் அங்கேதான் வர வேண்டும். 25இல் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிற வளையத்தின் நிலை பிழை, அல்லது ஏதோ முட்டவில்லை. கப்பாசிற்றரை முறுக்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

கப்பாசிற்றருக்கு இரும்பு ஸ்குறூ டிறைவர் போடாதே. கிட்டக் கொண்டுபோகும்போதே பள்ளம் ஓடும். எடுத்தவுடன் வேறு இடத்தில் நிற்கும். வைரம் பாய்ந்த பனஞ்சிலாகையிலிருந்து ஒரு துண்டு சீவி, நுனியைத் தட்டையாக்கி வைத்திருக்கிறேன். கடையில் விற்கிற பிளாஸ்ரிக்கைவிட நன்றாகப் பிடிக்கிறது. தண்டைப் பூட்டுகிற நட்டை இறுக்கும்போதும் மீடிறன் நகரும் என்பதை ஞாபகம் வை. எவ்வளவு நகருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த அளவுக்கு முன்கூட்டியே மறுபக்கம் விட்டு இறுக்கு. இது எண்ணாக எழுத முடியாத இடம். ஒவ்வொரு கவிற்றிக்கும் ஒவ்வொரு குணம்.

கவிற்றிகளைக் கோக்கிற கேபிள் துண்டுகளை வெட்டவோ மாற்றவோ வேண்டாம். அவை கால் அலைநீளக் கணக்கில் வெட்டப்பட்டவை. கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் அந்தக் கால் 34 சென்ரிமீற்றராகச் சுருங்கும், அதற்குள் கனெக்டரின் நீளமும் அடங்கும். அந்த நீளம் சரியாக இருந்தால் மூன்று பள்ளங்களும் கூட்டியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மறிக்கும். பிழைத்தால் தனித்தனியே நன்றாக இருந்த மூன்றும் சேர்ந்தவுடன் சண்டை பிடிக்கும். இரட்டைப் பின்னல், வெள்ளி பூசிய ஆர்ஜி-214 தவிர வேறெதையும் இந்தப் பெட்டிக்குள் விடாதே. ஒற்றைப் பின்னல் கேபிள் கசியும். 90 டெசிபெல் மறிப்பைக் கட்டிவிட்டு 60 டெசிபெலில் கசிகிற கேபிளைப் போடுவது வீண் உழைப்பு. கம்பத்தில் ஏறுகிற பெரிய கேபிளிலும் அலுமினியத் தாளும் ஈயம் பூசிய பின்னலும் உரசுகிற வகையைத் தவிர்க்கவும். வேறு வேலைகளுக்கு அது நல்ல கேபிள். பேசிக்கொண்டே கேட்கிற ரிப்பீற்றருக்கு அது காலப்போக்கில் இரைச்சல் போடும்.

கடைசிப் பரீட்சை கருவியில் இல்லை, காதில். அன்ரனா வாயில் 50 ஓம் சுமையைப் போட்டு, ட்ரான்ஸ்மிற்றரை நிறுத்தி வைத்துக்கொண்டு, கப்ளர் ஒன்றினூடாக மெல்லிய சிக்னலைச் செலுத்து. இரைச்சலுக்குள் குரல் மட்டுமட்டாகக் கேட்கிற அளவுக்குக் குறை. இனி ட்ரான்ஸ்மிற்றரைப் போடு. ஒன்றும் மாறாவிட்டால் வென்றாய். இரைச்சல் கூடினால், பழையபடி கேட்க எத்தனை டெசிபெல் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று எழுதிவை. அதுதான் ரிப்பீற்றரின் செவிட்டுத்தனத்தின் அளவு. சுமையில் நன்றாக இருந்து, அனுமதி வந்த பிறகு அன்ரனாவுக்கு மாற்றியவுடன் கெட்டால் கவிற்றியைத் தொடாதே. பிழை மேலே. உப்பாற்றுப் பக்கமிருந்து வருகிற உவர்க்காற்றில் துருவேறிய போல்ட், தளர்ந்த கம்பிக்கயிறு, நீர் புகுந்த கனெக்டர். துருவேறிய மூட்டு தானே ஒரு டயோட்டைப் போல நடந்து இரைச்சல் கிளப்பும். சோளகம் அடிக்கிற நாளாகப் பார்த்துச் செய். கம்பம் ஆடுகிற நேரத்தில் சோதித்தால்தான் அது பிடிபடும். காற்றில்லாத நாளில் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும்.

இவ்வளவு கடுமையாக ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு மலை இல்லை. தெற்கே பிதுருதலாகலையில் 2,524 மீற்றரில் ஏறி நின்று நாட்டைப் பார்க்கலாம். குடாநாட்டில் பனைக்கு மேலே கம்பம், அவ்வளவுதான். உங்கள் 30 மீற்றர்க் கம்பத்திலிருந்து ரேடியோ அடிவானம் 22 கிலோமீற்றரும் சொச்சமும்; கையில் ரேடியோ பிடித்து நிற்கிறவருக்கு இன்னொரு 5. பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, சாவகச்சேரி எல்லாம் அதற்குள் அடங்கும். நயினாதீவு சந்தேகம். வடமராட்சி கிழக்கில் மருதங்கேணி கோப்பாயிலிருந்து 37 கிலோமீற்றர் அளவு, கைரேடியோவுக்கு எட்டாது. ஆனால் அங்கே ஒருவர் 12 மீற்றர் உயரத்தில், ஒரு தென்னையளவு உயரத்தில், அன்ரனா கட்டினால் விளிம்பில் மட்டுமட்டாகத் தொடும். அந்த விளிம்பில்தான் ஒவ்வொரு டெசிபெலுக்கும் விலை. உன் மூன்று கவிற்றியும் அரை டெசிபெல் கூடத் தின்றால், பள்ளம் நாலு டெசிபெல் மேலே நின்றால், பருத்தித்துறைக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மருதங்கேணிக்காரர் இல்லாமல் போவார். 2004 மார்கழி 26இல் கடல் ஏறிய கரை அது. நான் அந்த மூன்றையும் ரியூன் பண்ணும்போது மனதில் வைத்திருந்தது அந்த ஒரு ஆளைத்தான்.

அன்றைய நாள் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்கிற இந்திய அமெச்சூர் ரேடியோக்காரி இருந்தா. அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசுவதற்கென்று விசேட அனுமதி எடுத்து நிலையம் போட்டிருந்த குழு அவவுடையது. நில அதிர்வுக்குப் பிறகு அந்த நிலையத்தை அப்படியே செய்தி கடத்துகிற வேலைக்குத் திருப்பினா. எங்கள் நாட்டிலும் அமெச்சூர்க்காரர் அம்பாந்தோட்டைக்கு ரேடியோவைச் சுமந்துபோய்க் கொழும்போடு பேசினார்கள். அவை சிற்றலைகள், வெகுதூரத்துக்கு. நீ கட்டுகிறது ஊருக்குள் ஒருவரையொருவர் கேட்பதற்கு. அது இல்லாத இரவு எப்படி இருக்கும் என்பது உன் அப்பாவுக்கும் எனக்கும் தெரியும். 1995 ஐப்பசி 30, வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள்ளே நடந்தது. தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஆளை ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் போனோம். அதற்கு முதல் சில வருஷம் பற்றரிகூடத் தடை. உன் அப்பா வளவுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிப்பார், டைனமோவில் ரேடியோ ஓடும், நான் பெட்டியோடு காதை வைத்துத் தமிழோசை கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லுவேன். அவர் களைத்தால் செய்தியும் தேய்ந்துவிடும். மெல்லிய குரலை இரைச்சலுக்குள்ளிருந்து எடுப்பதில் எனக்கு இருக்கிற பிடிவாதம் அங்கே தொடங்கியதுதான்.

இன்னொன்று. பங்குனி சித்திரையில் பாக்கு நீரிணைக்கு மேல் காற்று அசையாமல் கிடக்கிற நாட்களில் அலைகள் கடலை ஒட்டி வளைந்து வெகுதூரம் வரும். 280 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து கொடைக்கானல் பண்பலை 100.5 எங்கள் வீட்டில் பாடுவது அப்படித்தான். இராமேசுவரத்து 323 மீற்றர்க் கோபுரம் கோப்பாயிலிருந்து 95 கிலோமீற்றர் அளவு. உங்கள் கம்ப உயரத்திலிருந்து கணக்குப் போட்டால் அது சாதாரண நாளிலேயே அடிவானத்தின் விளிம்பு. ஆகவே தமிழ்நாட்டில் அதே சோடியில் ரிப்பீற்றர் இருந்தால், அதோடு பேசுகிறவர்கள் சில இரவுகளில் உங்களுடையதையும் திறந்துவிடுவார்கள். ஒரே மீடிறனைக் கவிற்றியால் பிரிக்க முடியாது. தாழ் ஒலிக் குறி ஒன்று வைத்து, அது இருக்கிற குரலுக்கு மட்டும் திறக்கச் செய்யுங்கள். வருகிறவரோடு சண்டை வேண்டாம். வணக்கம் சொல்லிப் பேசுங்கள்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் எழுத்து கைக்கு வரும்வரை அன்ரனாவுக்கு ஒரு வாட்டும் போகக் கூடாது. சுமையில் போட்டுச் சோதிக்கலாம், அவ்வளவுதான். வடக்கில் ரேடியோ வைத்திருப்பது ஒரு காலத்தில் என்ன அர்த்தப்பட்டது என்று உனக்கு வாசித்துத்தான் தெரியும். எங்களுக்கு இருந்து தெரியும். உங்கள் தலைமுறை இதை வெளிச்சத்தில், கடதாசியோடு, பெயர் போட்டுச் செய்ய வேண்டும். அவர்கள் வேறு சோடி தந்தால் ஆறையும் திரும்ப ரியூன் பண்ண வேண்டி வரும். அதற்கும் உனக்குக் கை பழகியிருக்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் வெளிக்கிடு. யாழ்ப்பாணம் வரை வராமல் கைதடிச் சந்தியில் இறங்கு. நான் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றுகிறேன். நனோ வி.என்.ஏ.யையும் அதன் சின்னக் கலிபிறேஷன் துண்டுகளையும் மறவாதே. உங்கள் ஆய்வுகூடத்தில் என்-வகை 50 ஓம் சுமை இரண்டு இருந்தால் கேட்டு, எழுத்தில் கையெழுத்து வைத்து எடுத்து வா. இங்கே ஒன்றுதான் நம்பலாம். அந்தப் பெடியனையும் கூட்டி வா, அவனுக்கும் ஒரு கவிற்றி கொடு. சித்தி ஒடியல் கூழ் காய்ச்சப் போகிறாவாம். எத்தனை பேர் வருவீர்கள் என்று வெள்ளி பின்னேரத்துக்குள் சொல்லிவிடு. மீன் வாங்க வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா